காலையில் மட்டும் எழாத கணினி: ஊதா ஒயரில் பிடிபட்ட பழுது

மன்னார்குடி வட்டாரத்தில் ஒரு புழுங்கலரிசி ஆலை. அதன் அலுவலக அறையில் எடைச்சீட்டும் பில்லும் போடுகிற மேசைக் கணினி. ஹெச்61 சிப்செட் மதர்போர்டு (இனி போர்டு), ஐ3-3220 பிராசஸர், 4 ஜிபி டிடிஆர்3 ராம் ஒன்று, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட் என்று லேபிள் ஒட்டிய சாதாரண எஸ்எம்பிஎஸ் (சுவர் கரண்டைக் கணினிக்கு ஏற்ற குறைந்த வோல்டேஜாக மாற்றித் தரும் பெட்டி). "காலையில மட்டும் அடம் பிடிக்குதுங்க, பத்து மணிக்கு மேல தானா சரியாயிடும்" என்றார் கணக்கர். ஐப்பசி மழை பிடித்ததும் பத்து மணி மதியமாகி, கடைசியில் அறவே எழவில்லை. போர்டு போய்விட்டது, பிராசஸரோடு சேர்த்து மாற்ற 6,500 ரூபாய் ஆகும் என்று ஒரு மதிப்பீடு ஏற்கெனவே கையில் இருந்தது.

போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணினிக்கு மட்டும் ஆன செலவு 250 ரூபாய்க்குள். ஆனால் பழுது ஒன்றல்ல, ஒன்றன் பின்னால் ஒன்றாக மூன்று. முதலாவதைச் சரிசெய்ததும் இரண்டாவது வெளியே வந்தது. அது முதலாவதைப் போலவே தெரிந்தது. பாகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். எனவே சுவரிலிருந்து பிராசஸர் வரை மின்சாரம் போகிற வழியிலேயே போய், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அளந்து எழுதிக்கொண்டு நகர்ந்ததை வரிசை மாறாமல் இங்கே தருகிறேன்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி. "ஆன் ஆகவில்லை" என்றால் எப்படி ஆகவில்லை? பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை என்றால் ஒரு பாதை. விசிறி ஒரு துடி துடித்து நின்றால் வேறு பாதை: எங்கோ ஷார்ட் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது. நாலைந்து நொடி ஓடி அணைந்தால் மூன்றாவது. விசிறி ஓடிக்கொண்டே இருந்து திரை மட்டும் கறுப்பாக இருந்தால் அது பவர் பழுதே இல்லை, ராம் பக்கம் போக வேண்டியது. இந்த மெஷின் முதலில் முதல் வகையாக இருந்தது. வேலை முடிவதற்குள் மூன்றாவதையும் நான்காவதையும் காட்டியது.

சுவர் பிளக்

மல்டிமீட்டரை 750 வோல்ட் ஏசியில் வைத்துப் பார்த்தபோது பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 226 வோல்ட். பாலிஷர் மோட்டார் கிளம்பும்போது ஒரு கணம் 188 வரை இறங்கி மேலே வந்தது. 188 சாதாரண எஸ்எம்பிஎஸ் தாங்கக்கூடியதுதான். ஓடிக்கொண்டிருக்கும் கணினி மோட்டார் கிளம்பும் நேரத்தில் ரீஸ்டார்ட் ஆனால் இந்த இறக்கத்தைச் சந்தேகிக்கலாம். காலையில் எழாததற்கு இது காரணம் இல்லை. மீட்டர் 250-க்கு மேல் ஏறி ஏறி இறங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பேஸ் வருகிற இடத்தில் நியூட்ரல் லூஸ் ஆனால் ஒரு பேஸில் 300-ஐத் தாண்டிப் போகும். எஸ்எம்பிஎஸ் பியூஸும் அதன் அருகில் வோல்டேஜ் எகிறலைத் தாங்க வைத்திருக்கும் நீல வேரிஸ்டரும் கருகுவதற்கு அது முக்கியமான காரணம்.

அடுத்தது எர்த். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே 226 வர வேண்டும். வந்தது 71. நியூட்ரலுக்கும் கேபினெட்டின் இரும்புக்கும் இடையே 94 வோல்ட். சாக்கெட்டின் எர்த் துளையிலிருந்து கிளம்பிய பச்சை ஒயர் சுவர் சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. எஸ்எம்பிஎஸ் உள்ளே பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு ஒவ்வொரு சிறிய நீலக் கெப்பாசிட்டர் உண்டு. எர்த் இல்லையென்றால் அவை இரண்டும் சேர்ந்து கேபினெட்டைப் பாதி வோல்டேஜில் நிறுத்திவிடும். வெறுங்காலோடு தொட்டால் கூசுவது அதனால்தான். ஆளைக் கொல்கிற அளவுக்கு அதில் கரண்ட் இல்லை. ஆனால் பிரிண்டர் கேபிளையோ மானிட்டர் கேபிளையோ சொருகும் கணத்தில் அந்த வோல்டேஜ் போர்ட் வழியாகப் பாய்ந்து சிப்பைக் கொல்லும். இதைக் குறித்துவைத்துக்கொண்டு மேலே போனோம்.

பவர் கார்டை வேறொன்றால் மாற்றிப் பார்த்தாயிற்று, ஸ்பைக் கார்டை (பல பிளக் சொருகும் பாதுகாப்புப் பலகை) தவிர்த்து நேராகச் சொருகியும் பார்த்தாயிற்று. மாற்றம் இல்லை. எஸ்எம்பிஎஸ் பின்புறச் சுவிட்ச் ஆனில்தான் இருந்தது. அதன் அருகே சிவப்பு நிறத்தில் 115/230 என்று ஒரு சிறிய தள்ளு சுவிட்ச் இருந்தால் அது 230-இல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துடைக்கும்போது துணி பட்டு 115-க்கு நகர்ந்துவிட்டால், பிளக் போட்டதுமே வெடிக்கும்.

ஊதா ஒயர்

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போகிற 24 முள் கனெக்டரில் ஊதா ஒயர் ஒன்றே ஒன்று உண்டு, ஒன்பதாவது முள். கணினி அணைந்திருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும். பட்டனை அழுத்தினோம் என்பதைப் போர்டு உணர்வதே இந்த 5 வோல்ட்டை வைத்துத்தான். இது இல்லையென்றால் மற்ற எந்த ஒயரைப் பார்த்தும் பயனில்லை.

போர்டு தேறாது என்ற முடிவு எப்படி வந்தது என்பதும் இங்கேதான் தெரிந்தது. கனெக்டரைக் கழற்றி, பச்சை ஒயரையும் (ஆன் ஆகச் சொல்கிற ஒயர்) ஒரு கறுப்பு ஒயரையும் (கிரவுண்டு) கம்பியால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் விசிறி ஓடும். ஓடினால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று அறிவித்துவிடுவது வழக்கம். இந்த எஸ்எம்பிஎஸ்ஸிலும் விசிறி ஓடியது. கழற்றிய நிலையில் ஊதாவில் மீட்டர் 4.86 வோல்ட் காட்டியது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 4.75 முதல் 5.25 வரை, ஆக இதுவும் தேர்ச்சி. கனெக்டரைப் போர்டில் சொருகி, பின்பக்கத் துளை வழியாக மீட்டர் முனையை விட்டு அதே ஊதாவை அளந்ததும் 3.4 வோல்ட்.

சுமை ஏறியதும் படுத்துவிடுகிறது. அணைந்திருக்கும் நேரத்திலும் போர்டின் லேன் சிப், யூஎஸ்பி, பவர் கட்டுப்பாட்டு சிப் எல்லாம் அந்த ஒற்றை ஒயரில் குடிக்கின்றன. கழற்றிவைத்து அளக்கும்போது குடிக்க ஆளே இல்லை, மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும். இந்த வித்தியாசத்துக்குப் போர்டும் காரணமாக இருக்கலாம். போர்டில் ஷார்ட் இருந்தாலும் இப்படித்தான் இறங்கும். இரண்டையும் பிரிக்க ஒரு 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் போதும், விலை 10 ரூபாய்க்குள். போர்டைக் கழற்றிவிட்டு ஊதாவுக்கும் கறுப்புக்கும் இடையில் அதைப் பிடித்தால் நல்ல எஸ்எம்பிஎஸ் அரை ஆம்பியர் கொடுத்துக்கொண்டே 4.9-க்குக் குறையாமல் நிற்கும். இது 3.7-க்கு விழுந்தது. போர்டு குற்றவாளி இல்லை என்பது அந்த நொடியில் முடிவாகிவிட்டது. ரெசிஸ்டர் இரண்டரை வாட் சூடாகும், விரலால் பிடிக்க வேண்டாம். முதலைக் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மீட்டரை ஏசி ரேஞ்சுக்கு மாற்றி அதே இடத்தில் வைத்தால் டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்க அலை எவ்வளவு என்று ஒரு தோராயம் கிடைக்கும். விலை குறைந்த மீட்டர்கள் டிசியையும் ஏசி என்று காட்டிவிடும். அதைத் தடுக்க 1 மைக்ரோபாரட் பிளாஸ்டிக் கெப்பாசிட்டர் ஒன்றை முனையோடு வரிசையாகச் சேர்க்க வேண்டும். அப்படி அளந்தபோது 0.6 வோல்ட். விதிப்படி உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 0.05 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. இவ்வளவு அலை என்றால் அலையை விழுங்க வேண்டிய கெப்பாசிட்டர் வற்றிவிட்டது என்று பொருள்.

பத்து மணிக்கு மேல் தானாகச் சரியானதன் காரணமும் இதுதான். ஆலையில் இரவு மெயினை இறக்கிவிடுகிறார்கள். காலையில் ஏற்றியதும் குளிர்ந்திருக்கிற கெப்பாசிட்டரின் உள் தடை மிக அதிகம். ஊதாவுக்கு 5 வோல்ட் தருகிற ஸ்டாண்ட்பை சர்க்யூட் ஓட ஓடச் சூடு ஏறி, உள் தடை இறங்கி, ஒரு கட்டத்தில் போர்டுக்குத் தேவையான வோல்டேஜ் எட்டிவிடும். "காலையில் எழாது, கொஞ்ச நேரம் பிளக்கில் இருந்தால் எழும்" என்று யார் சொன்னாலும் முதலில் ஊதாவைச் சுமையோடு அளந்துவிடுங்கள். மழைக்காலத்தில் குளிர் கூடக் கூட அந்தக் காத்திருப்பும் நீளும்.

ஒரு எச்சரிக்கை: பிராண்டட் மேசைக் கணினிகள் பலவற்றில் கனெக்டரே வேறு. சிலவற்றில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கிடையாது, எல்லாமே 12 வோல்ட்டில் ஓடும். நிறத்தை நம்பி அவற்றில் கம்பி சொருக வேண்டாம். எஸ்எம்பிஎஸ் லேபிளில் எந்த வோல்டேஜ் எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு அளக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தபோது

இங்கே உயிர் ஆபத்து உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்களில் கரண்ட் தேங்கி நிற்கும். இந்த வகையில் 200 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு வரிசையாக, ஒவ்வொன்றிலும் சுமார் 160 வோல்ட்; ஒற்றைப் பெரிய கெப்பாசிட்டர் உள்ள வகையில் 325. எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்தால் அது தானாக இறங்கிவிடும். ஸ்டாண்ட்பை செத்த எஸ்எம்பிஎஸ்ஸில் குடிக்க ஆள் இல்லாததால் நெடுநேரம் அப்படியே நிற்கும். 2.2 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் உறையிட்ட ஒயர் பற்றவைத்து, ஒவ்வொரு கெப்பாசிட்டரின் கால்களிலும் பத்து நொடி பிடித்துவிட்டு, பிறகு மீட்டரால் 5 வோல்ட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டே கை வைக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்வது வேண்டாம். தீப்பொறி கண்ணுக்கும் ஆகாது, கெப்பாசிட்டருக்கும் ஆகாது.

உள்ளே இரண்டு வகைத் தூசி. மேலே கொதிகலனில் எரிந்த உமியின் சாம்பல், கறுப்பும் சாம்பலுமாக, அடியில் தவிடு. உமிச்சாம்பலை ப்ளோயரால் ஊதித் தள்ளிவிடலாம். தவிட்டுக்கு அது பலிக்காது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, சூட்டில் இளகிப் பசையாகப் பலகையில் ஒட்டிக்கொண்டு, மேலே விழுகிற கரியையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பழைய டூத் பிரஷ்ஷில் நனைத்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. 100 மில்லி செலவானது. மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் காயவைத்தோம். ப்ளோயர் அடிக்கும்போது எஸ்எம்பிஎஸ் விசிறியையும் பிராசஸர் விசிறியையும் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறான வேகத்தில் சுற்றவிட்டால் புஷ் தேய்ந்துவிடும்.

ஊதா ஒயர் பலகையில் இறங்குகிற இடத்திலிருந்து பின்னோக்கிப் போனால் முதலில் 470 மைக்ரோபாரட் 10 வோல்ட் கெப்பாசிட்டர், அடுத்து ஒரு சிறிய சுருள், அதற்குப் பின்னால் 1000 மைக்ரோபாரட் 10 வோல்ட். பளு முழுவதும் சுருளுக்குப் பின்னால் உள்ள பெரியதன் மேல்தான். இந்த இரண்டிலும், அடுத்துச் சொல்லப்போகும் மூன்றாவது கெப்பாசிட்டரிலும் தலை தட்டையாகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள். உப்பவில்லை, கசியவில்லை. பார்வைக்குப் புதுசு. கழற்றிச் சிறிய காம்பொனென்ட் டெஸ்டரில் வைத்தால் 1000 என்று எழுதியது 212 மைக்ரோபாரட், உள் தடை 6.1 ஓம். புதியதில் இது ஓமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. 470 ஓரளவு நன்றாக இருந்தது: 438, உள் தடை 0.21 ஓம். மூன்றாவது, உயர் வோல்டேஜ் பக்கத்தில் ஸ்டாண்ட்பை டிரான்ஸ்பார்மரின் அருகே இருக்கிற 22 மைக்ரோபாரட் 50 வோல்ட், காட்டியது 9.8, உள் தடை 11 ஓம். இந்தச் சின்னவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு டிரான்சிஸ்டரில் ஓடுகிற பழைய ஸ்டாண்ட்பை வடிவமைப்புகளில் இது வற்றினால் வோல்டேஜ் இறங்குவதற்குப் பதில் 5-ஐத் தாண்டி ஏறிப் போர்டையே கொன்றுவிடும். ஆகவே ஊதா கெப்பாசிட்டரை மாற்றுகிறவர்கள் இதையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும்.

வாங்கியது 1000 மைக்ரோபாரட் 16 வோல்ட், 470 மைக்ரோபாரட் 16 வோல்ட், 22 மைக்ரோபாரட் 50 வோல்ட். மூன்றும் 105 டிகிரி, முதல் இரண்டும் உள் தடை குறைந்த வகை. மொத்தம் 38 ரூபாய். சிறு கடைகளில் 85 டிகிரி வகையை எடுத்து நீட்டுவார்கள். பக்கவாட்டில் அச்சடித்த எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். பத்து டிகிரி சூடு குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி ஒரே சூட்டில் 105 டிகிரி வகை நாலு மடங்கு உழைக்கும். வோல்ட் கூடினால் தடிமனும் கூடும் என்பதால் 10 மில்லிமீட்டர் விட்டத்துக்கு இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவைத்தோம்.

பலகை ஒற்றைப் பக்கச் செம்பு போட்ட பழுப்பு நிற வகை. 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும், அதற்கு மேல் வேண்டாம். ஒரு காலில் மூன்று நொடிக்கு மேல் முனையை வைத்திருந்தால் செம்புத் தகடே பெயர்ந்து வந்துவிடும். கழற்றும் முன் போனில் ஒரு படம். பலகையில் அச்சிட்ட குறியை விட, பழைய கெப்பாசிட்டரின் கோடு போட்ட பக்கம் எந்தத் துளையில் இருந்ததோ அதை நம்புவது நல்லது. கோடு போட்டது மைனஸ்.

மூடுவதற்கு முன் சீரியஸ் பல்ப். 60 வாட் குண்டு பல்பை மெயினோடு வரிசையாகப் போட்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுத்தால், பல்ப் ஒரு கணம் பளிச்சிட்டு அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. இழை பல்ப் கடைகளில் குறைந்துகொண்டே வருகிறது, கிடைக்கும்போது இரண்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பளிச்சிட்டு அணைந்தது. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்து அளந்தோம்: ஊதா சுமையில்லாமல் 5.09, 10 ஓம் ரெசிஸ்டரோடு 5.04. ஏசி ரேஞ்சில் மீட்டர் கிட்டத்தட்ட அசையவே இல்லை.

மற்ற ஒயர்களையும் சுமையோடு பார்க்காமல் போர்டில் சொருகக்கூடாது. 12 வோல்ட்டுக்கு இருசக்கர வாகனங்களின் உதிரி பாகக் கடையில் கிடைக்கிற 21 வாட் பிரேக் லைட் பல்ப் நல்ல சுமை, ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட் பல்ப் வேண்டாம்; குளிர்ந்த இழை முதல் கணத்தில் பல மடங்கு இழுத்து எஸ்எம்பிஎஸ்ஸைக் காப்பு நிலைக்குத் தள்ளிவிடும், நல்லதையே கெட்டது என்று நினைக்கவைக்கும். சிவப்பு 5 வோல்ட்டிலும் ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் இருக்கட்டும். இந்த மாதிரி எஸ்எம்பிஎஸ்களில் ஒரு வரியில் மட்டும் சுமை ஏற்றினால் மற்றது தப்பான எண்ணைக் காட்டும். பச்சையையும் கறுப்பையும் இணைத்ததும் மஞ்சளில் (12 வோல்ட் ஒயர்) 11.87, சிவப்பில் 5.06, ஆரஞ்சில் (3.3 வோல்ட் ஒயர்) 3.34. எல்லாம் ஐந்து சதவீதத்துக்குள். சாம்பல் ஒயர், அதாவது "எல்லாம் சரி" என்று போர்டுக்குச் சொல்கிற ஒயர், உடனே 5 வோல்ட்டுக்கு ஏறியது. அது ஏறவில்லையென்றால் மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் போர்டு எழாது.

நாலு நொடியில் அணைந்தது

எஸ்எம்பிஎஸ்ஸைப் பூட்டிப் பிளக்கைப் போட்டதும், பட்டனைத் தொடாமலேயே விசிறி கிளம்பியது. நாலு நொடியில் நின்றது. பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டால் மறுபடி நாலு நொடி.

பார்க்கிறவர் யாரும் எஸ்எம்பிஎஸ் இன்னும் சரியாகவில்லை என்றே சொல்வார். ஆனால் நாலு நொடி என்பது பொருள் உள்ள எண். பவர் பட்டனை நாலு நொடி அழுத்திப் பிடித்தால் கணினியை அறுத்து அணைக்க வேண்டும் என்பது போர்டில் இருக்கிற விதி. ஷார்ட் என்றால் ஒரு நொடிகூட ஓடாது, பிராசஸர் சூடு என்றால் நேரம் முன்பின் ஆகும். ஒவ்வொரு முறையும் பிசகாமல் நாலு நொடி என்றால் பட்டன் அழுந்தியபடியே இருக்கிறது என்று போர்டு நினைக்கிறது.

போர்டின் கீழ் ஓரத்தில் முன்பக்கப் பட்டன்களுக்கான 9 முள் வரிசை இருக்கும். அதில் 6, 8 ஆகிய இரண்டும் பவர் சுவிட்ச். அதில் இருந்த கனெக்டரை உருவிவிட்டு, இரண்டு முள்ளையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டதும் கணினி கிளம்பியது, அணையவில்லை. உருவிய சுவிட்சை மீட்டரில் வைத்தால் அழுத்தாமலேயே 60 ஓம். நல்ல சுவிட்சில் அழுத்தாதபோது எந்த எண்ணும் வரக்கூடாது. உள்ளே துருவும் தவிட்டுப் பசையும் ஈரமும் சேர்ந்து தாமாகவே ஒரு பாலம் கட்டியிருந்தன.

புதிய சுவிட்ச் தேடவில்லை. முன்பக்கத்தில் ரீசெட் பட்டன் ஒன்று உண்டு, யாரும் தொடுவதில்லை, அதனால் தேய்வதும் இல்லை. அதன் கனெக்டரை 6, 8-இல் சொருகிவிட்டால் அதுவே பவர் பட்டன். செலவு இல்லை. கணக்கருக்கு எந்தப் பட்டன் என்று காட்டி, பழைய பட்டனின் மேல் டேப் ஒட்டியாயிற்று.

கறுப்புத் திரை

விசிறி ஓடுகிறது, திரையில் ஒன்றுமில்லை. இதற்கு 30 ரூபாய் பஸ்ஸர் ஒன்றை அதே முள் வரிசைக்கு அருகில் ஸ்பீக்கர் என்று குறித்த இடத்தில் சொருகிப் பார்ப்பது சிறந்த சோதனை. ராமை முழுவதும் எடுத்துவிட்டு ஆன் செய்தோம், நீளநீளமாகக் கத்தியது. ராம் இல்லை என்று புகார் சொல்கிற அளவுக்குப் பிராசஸரும், போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். போர்டை மாற்றச் சொல்லும் மதிப்பீட்டை எடுத்து வைத்துவிட இந்த ஒரு கத்தலே போதும். கத்தவே இல்லையென்றால் 4 முள் பிராசஸர் பவர் கனெக்டர் சொருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெயினை அணைத்து, அந்தச் சாக்கெட்டில் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளக்க வேண்டும். சில ஓம்களே வந்தால் பிராசஸருக்குக் கரண்டைக் கட்டுப்படுத்தித் தருகிற, அதன் அருகிலுள்ள மாஸ்பெட் ஷார்ட். அது வேறு வேலை, வேறு செலவு.

ராமின் தங்க முனைகளில் மங்கலான படலம். பள்ளிக்கூட ரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, துகளை பிரஷ்ஷால் தட்டி, ஆல்கஹாலால் துடைத்தோம். சாக்கெட்டுக்குள் ஆல்கஹால் நனைத்த விசிட்டிங் கார்டு ஓரத்தை இரண்டு முறை விட்டு எடுத்தோம். காய்ந்ததும் சொருகினால் திரை வந்தது. மேலே தேதி 2009.

போர்டில் தேதியைக் காக்கிற சிஆர்2032 பேட்டரியில் 2.4 வோல்ட், 3-க்கு மேல் இருக்க வேண்டியது. 40 ரூபாய்க்குப் புதியது. பேட்டரி தீர்ந்ததால் கணினி எழாமல் போவது அபூர்வம்தான். ஆனால் தேதி தப்பானால் பிரவுசர் எந்த வங்கித் தளத்தையும் ஜிஎஸ்டி தளத்தையும் திறக்காது, சான்றிதழ் பிழை என்று மறுத்துவிடும். அதை இன்டர்நெட் பழுது என்று துரத்துகிறவர்கள் நிறைய. பயாஸுக்குள் போன கையோடு, கரண்ட் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்கிற அமைப்பை "அணைந்தே இரு" என்று வைத்தோம். கரண்ட் திரும்பி வருகிற முதல் நிமிடத்தில் வோல்டேஜ் நிலையாக இருப்பதில்லை, அப்போது கணினி தானாகக் கிளம்பக்கூடாது.

எர்த்தும் செலவுக் கணக்கும்

எர்த் வேலையை எலக்ட்ரீஷியன் செய்தார். ஆலையின் மோட்டார்களுக்கு ஏற்கெனவே நல்ல எர்த் குழி இருந்தது, அதிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் பச்சை ஒயரை அலுவலகச் சுவிட்ச் போர்டுக்கு இழுத்ததுதான் வேலை. ஒயரும் கூலியும் 1,400 ரூபாய். பிறகு அளந்தால் பேஸ்–எர்த் 225, நியூட்ரல்–எர்த் 1.3, கேபினெட்டில் கூச்சம் இல்லை. டெல்டாவின் களிமண்ணில் ஈரம் நிற்பதால் எர்த் எடுப்பது மற்ற ஊர்களைவிடச் சுலபம், ஒயரை இணைக்கத்தான் ஆள் மறந்துபோகிறார்கள்.

கெப்பாசிட்டர் 38, பேட்டரி 40, பஸ்ஸர் 30, ரெசிஸ்டர்கள் 25, பிரேக் லைட் பல்ப் 20, ஆல்கஹாலில் இந்த வேலைக்குச் செலவான பங்கு 60 ரூபாய். பஸ்ஸர், ரெசிஸ்டர், பல்ப் மூன்றும் பையில் இருக்கும், அடுத்த மெஷினுக்கும் உதவும். மல்டிமீட்டர், அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வளவு மலிவாக முடிந்தது என்பதற்காக எல்லா எஸ்எம்பிஎஸ்ஸையும் திறக்கச் சொல்லவில்லை. பியூஸ் கண்ணாடி கறுத்துப் போயிருந்தால், மெயின் டிரான்சிஸ்டர் வெடித்திருந்தால் இந்த மாதிரி மலிவான எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போடுவதே சரி. அதன் பின்னால் எத்தனை பாகம் சேர்ந்து போயிருக்கும் என்று தெரியாது, காப்பு சர்க்யூட்டும் பெயரளவுக்குத்தான். புதியது வாங்கும்போது 450 வாட் என்கிற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 14 ஆம்பியர், அதாவது 168 வாட். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்த மெஷினுக்கு அது தாராளம். கார்டு போட்டால் போதாது.

ஆலை வேறு, கடற்கரை வேறு. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து மெஷின்களில் தவிட்டுப் பசை இருக்காது, கனெக்டர் முட்களில் பச்சைக் களிம்பு இருக்கும். அங்கே ஊதாவை அளக்கும்போது கனெக்டரின் எஸ்எம்பிஎஸ் பக்கத்திலும் போர்டின் அடிப்பக்கத்திலும் இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். இரண்டுக்கும் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் முள்தான் பழுது. கெப்பாசிட்டரை மாற்றிப் பயனில்லை. வயல் ஓரத்து வீடுகளில் வேறு ஒன்று: சூட்டுக்காக எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒதுங்குகிற பல்லியும் எறும்பும். கேபினெட்டின் பின்பக்கம் மூடாமல் விட்ட கார்டு துளைகளே அவற்றின் வாசல். எட்டணா தகட்டுக்குப் பதில் அட்டைகூடப் போதும், ஆனால் எஸ்எம்பிஎஸ் காற்றுத் துளையை மட்டும் அடைத்துவிடக் கூடாது.

அடுத்த முறை வரிசையில் ஒரு மாற்றம் செய்யலாம். "பிளக் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து எழுகிறது" என்று கேட்ட உடனே, பவர் கார்டையும் ஸ்பைக் கார்டையும் மாற்றிப் பார்க்காமல், சுவர் வோல்டேஜுக்கு அடுத்தபடியாக 10 ஓம் ரெசிஸ்டரை ஊதாவில் பிடித்துவிடலாம். முன்பக்கப் பட்டன் கனெக்டரையும் ஆரம்பத்திலேயே உருவிவிட்டு ஸ்குரூடிரைவரால் கிளப்பினால் இரண்டாவது பழுது முதலாவதின் வேஷத்தில் வந்து நேரத்தைத் தின்னாது.

கேபினெட்டைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர ஸ்டூலுக்கு ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறது. முன்பக்கக் காற்றுத் துளையில் நைலான் கொசுவலை ஒற்றை மடிப்பு. துணி போட்டால் தவிட்டில் அடைத்துக்கொண்டு உள்ளே சூடு ஏறும். குறுவை அரவை தொடங்கும் முன்னும் சம்பா அரவை முடிந்த பின்னும் வலையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்ட வேண்டும். பக்கவாட்டு மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ஊதா, 10 ஓமோடு, 5.04, மஞ்சள் 11.87, சிவப்பு 5.06, நியூட்ரல்–எர்த் 1.3, மாற்றிய கெப்பாசிட்டர்கள் மூன்று, அவற்றின் அளவு, பவர் பட்டன் இப்போது ரீசெட் இடத்தில். அடுத்து யார் திறந்தாலும் முதலில் ஊதாவை அதே ரெசிஸ்டரோடு அளக்கட்டும். 4.85-க்குக் கீழே வந்திருந்தால் மெஷின் எழுந்தாலும் சரி, கெப்பாசிட்டர்களை அப்போதே மாற்றிவிட வேண்டும்.